குதிரைப் பாதை (இங்கிலாந்து, வேல்சு)

குதிரைப் பாதை என்பது இங்கிலாந்திலும் வேல்சிலும் பொதுமக்கள் நடந்தோ, குதிரையில் ஏறியோ, குதிரையை நடத்திக்கொண்டோ செல்லச் சட்ட உரிமை பெற்ற வழி ஆகும். இது ஆங்கிலத்தில் பிரைடில்வே எனப்படும்.

பகிர்வும் பாதுகாப்பும்

1968 ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் இப்பாதைகளில் மிதிவண்டிகளையும் அனுமதித்தது. ஆயினும் மிதிவண்டிக்கு ஏற்பப் பாதையைச் செப்பனிடும் கடமையை அது விதிக்கவில்லை. மாறாக, மிதிவண்டி ஓட்டுவோர் நடப்போருக்கும் குதிரையில் செல்வோருக்கும் வழிவிட வேண்டும் என்றது. குதிரை எளிதில் மிரளும் விலங்கு. பின்னாலிருந்து ஓசையின்றி விரைந்து வரும் மிதிவண்டியைக் கண்டு அது திமிறினால், ஏறியிருப்பவர் கீழே விழக்கூடும். எனவே தொலைவிலேயே குரல் கொடுத்து, வேகத்தைக் குறைத்து, இடைவெளி விட்டுக் கடத்தல் வேண்டும்.

பராமரிப்பு

பாதையின் குறுக்கே உள்ள வாயிற்கதவு 5 அடிக்குக் குறைவான அகலம் உடையதாயின், அதனை அகலப்படுத்துமாறு நெடுஞ்சாலை அதிகார அமைப்பு 1980 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி உத்தரவிடலாம்.