நிழற்படத்தில் மாசு நீக்குதல்

நிழற்படம் பொய் சொல்லாது என்பார் பலர். கணிப்பொறி வந்த பின்னரே அது பொய் சொல்லக் கற்றது என்பார் வேறு சிலர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதற்கு நம் மதுரையே சான்றாகும்.

கும்பினியார் படையில் காப்டனாயிருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர், 1856-இல் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்ந்து, 1858-இல் மதுரைக்கு வந்து, மீனாட்சியம்மன் கோயிலையும் புது மண்டபத்தையும் திருமலை நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் படமெடுத்தார். அவர் பெரும்பாலும் கையாண்டது காகித நெகட்டிவ். அதிற் படிந்த வெள்ளியுப்பு நீல ஒளிக்கு விரைந்து வசப்படும். பச்சைக்கும் சிவப்புக்கும் எளிதில் இணங்காது. ஆதலின் கற்சிற்பம் நன்கு பதியுமளவு ஒளியை உட்புகவிட்டால், வானம் மேகமின்றி வெறுமையாய்ப் போம். மரங்களோ கரிக்குவியல் போலத் தோன்றும். டிரைப் என் செய்தார்? தூரிகை எடுத்து நெகட்டிவின்மேல் வண்ணந் தீட்டினார். வண்ணம் ஒளியைத் தடுத்தலால், தீட்டிய இடம் அச்சில் வெளிறித் தோன்றும். இங்ஙனம் வானத்தில் மேகமும் இலைகளில் வெயிலொளியும் உண்டாயின. அப்படங்களைக் கொண்டு மதுரைத் தூண்களின் அமைப்பை ஆராயலாம். அன்றைய வானிலையை ஆராய்வது நகைப்பிற்கிடமாம்.

பின்னர்க் கண்ணாடித் தகடு வழங்கிய காலத்தில் இவ்வேலை முகத்தின்மேற் சென்றது. சிவப்பொளியை ஏலாத அத்தகடு மாநிறத்தை உள்ளதினும் கருக்கவே காட்டும். சிறு பருவும் பெருங்கறையாம். முகத்திற் கறை விழுந்த இடம் நெகட்டிவில் தெளிந்திருக்கும். அவ்விடத்தை ஊசிபோற் சீவிய பென்சிலால் நுண்ணிய கோடுகளிட்டு நிரப்புவர். கை மிஞ்சினால் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும்.

நோல் சகோதரர் இயற்றி, அடோபி கம்பெனியார் 1990-இல் வெளியிட்ட ஃபோட்டோஷாப் என்னும் மென்பொருள் அப்பென்சிலின் வழித்தோன்றலே. 2002-இல் அதிற் சேர்ந்த 'ஆற்றுந் தூரிகை' மிகவும் நயமானது. அருகிலுள்ள நல்ல தோலின் நுண்துளைகளை எடுத்து வடுவின்மேல் வைத்து, அவ்விடத்து நிறத்திற்கும் ஒளிக்கும் ஏற்ப அதனை இசைவித்துவிடும். ஒட்டுப்போட்டது கண்ணுக்குப் புலனாகாது. முன்னாளில் அரைநாள் வேலை இன்று அரைநொடியில் முடிதலால், எங்கே நிறுத்துவது என்னும் வினா மட்டும் கடினமாயிற்று.

தூசியும் கீறலும் படத்தின் குற்றம். அவற்றை நீக்குவதில் வழக்கில்லை. அடுத்த வாரம் மறையும் பருவை நீக்குவதையும் யாம் குறைகூறோம். மச்சமும் தழும்பும் அத்தகையன அல்ல. பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளமென்று எழுதிவைத்த மச்சத்தையே ஸ்டூடியோக்காரர் அழித்துத் தருவது வேடிக்கை! அதனினுங் கொடியது, கேளாமலே மாணவரின் கருநிறத்தை வெளுப்பாக்குவது. டிரைப் கருவியின் குறையை ஈடுசெய்தார். இவரோ நம்மிடம் குறையொன்று கற்பிக்கின்றார். பிரான்சு நாட்டில், உருவத்தை மெலிவித்தோ பருப்பித்தோ காட்டும் விளம்பரப் படங்களில் 'திருத்திய படம்' என்று குறிக்கவேண்டுமென்னும் விதி 2017 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. நிறமாற்றம் அவ்விதியில் அடங்காதது வருந்தத்தக்கது.

பழைய வகுப்புப் படங்களைச் செப்பனிட விழையும் பழைய மாணவர்க்கு ஒன்று கூறுவோம். மூலத்தைத் தொடாது பிரதியெடுத்து, அதன்மேலேயே வேலை செய்க. பூஞ்சணம் அரித்து ஒருவர் முகமே போயிருப்பின், அங்கே மென்பொருள் நிரப்புவது அவர் முகமன்று. அவ்விடத்தை அரித்தபடியே விட்டு, பெயர் தெரிந்தால் கீழே எழுதிவைக்க.