அயலார் கையில் சாவி – 6: குளிர்பதனக் காண்ட்ராக்டரின் பாஸ்வேர்டு

2013-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சீசன். அமெரிக்காவின் பெரிய கடைச் சங்கிலிகளில் ஒன்றான டார்கெட்டில் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது. நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை அந்தக் கடைகளில் தேய்க்கப்பட்ட சுமார் 4 கோடி கிரெடிட், டெபிட் கார்டுகளின் விவரங்கள் களவு போயின. 7 கோடிப் பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்ற தகவல்களும் கூடவே போயின.

திருடர்கள் எந்த வழியாக வந்தார்கள்? பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய ஷார்ப்ஸ்பர்க் என்ற சிற்றூரில் ஃபாஸியோ மெக்கானிக்கல் சர்வீசஸ் என்றொரு நிறுவனம். சூப்பர் மார்க்கெட்டுகளுக்குக் குளிர்பதன வசதி செய்துகொடுப்பது அவர்கள் தொழில். டார்கெட் அவர்களுடைய வாடிக்கையாளர். போலி மின்னஞ்சல் ஒன்றின் மூலம், பாஸ்வேர்டு திருடும் மால்வேர் அவர்கள் கணினிக்குள் புகுந்தது. திருட்டை முதலில் வெளிக்கொணர்ந்த பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் எழுதியபடி, அவர்கள் பாதுகாப்புக்கு முக்கியமாக நம்பியிருந்தது இலவச மென்பொருள் ஒன்றை. நாமாக ஸ்கேன் செய்யச் சொன்னால்தான் அது தேடும். வருவதை வாசலிலேயே மறிக்காது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர், கடைகளின் ஏசி இயந்திரங்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் இணைப்பு வழியாகத் திருடர்கள் வந்ததாகச் சொல்வதுண்டு. அது சரியல்ல. அந்த நிறுவனமே வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: டார்கெட்டுடன் இருந்த இணைப்பு பில் அனுப்பவும், ஒப்பந்த ஆவணங்கள் தரவும், வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பதிவு செய்யவும் மட்டும்தான். நம்மூரில் எந்தப் பெரிய கம்பெனிக்குச் சரக்கோ சேவையோ தருபவரும் வாங்கி வைத்திருக்கும் சாதாரண வெண்டர் லாகின் அது.

வழக்கமாக இந்த இடத்தில் சின்ன நிறுவனத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இலவச மென்பொருளை நம்பியது அவர்கள் தவறுதான். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி வேறு. பில் போடும் லாகின் ஒன்று திருடுபோனால், பில் சம்பந்தப்பட்ட விவரம் திருடுபோகலாம். கடையின் கல்லா எப்படித் திருடுபோனது?

விடை டார்கெட்டுக்கு அடுத்த சில மாதங்களில் தெரிந்தது. திருட்டு அம்பலமான உடனே டார்கெட் தன் நெட்வொர்க்கைச் சோதித்துப் பார்க்க வெரைசன் நிறுவனத்தின் நிபுணர்களை அழைத்தது. அவர்களுடைய ரகசிய அறிக்கையின் விவரங்களை 2015-இல் கிரெப்ஸ் வெளியிட்டார். அதில் ஒரு வரி என்னை இன்றும் விடுவதில்லை. கடை ஒன்றில் இறைச்சி நிறுக்கும் மின்னணுத் தராசை அவர்கள் முதலில் தம் வசமாக்கினார்கள். அந்தத் தராசிலிருந்து, வேறொரு கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த கவுன்ட்டர் இயந்திரங்களோடு நேரடியாகப் பேச முடிந்தது. இடையில் தடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஊழியர்களின் பாஸ்வேர்டுகளை உடைக்க முயன்றதில் ஒரே வாரத்தில் 86 சதவீதம் உடைந்தன. இத்தனைக்கும் 2013 செப்டம்பரில்தான் கார்டு பாதுகாப்புத் தரத்துக்கான சான்றிதழை டார்கெட் பெற்றிருந்தது.

கார்டு திருட்டு நடந்த விதமும் கவனிக்கத்தக்கது. கார்டைத் தேய்த்ததும் அதிலுள்ள எண் கவுன்ட்டர் இயந்திரத்தின் நினைவகத்துக்குள் வரும். பூட்டிய வடிவில் வங்கிக்குப் புறப்படுமுன், ஒரு கணம் அது பூட்டில்லாமல் வெறும் எழுத்தாகக் கிடக்கும். அந்தக் கணத்தில் அள்ளுவதற்கென்றே எழுதப்பட்ட மால்வேரைத் திருடர்கள் கவுன்ட்டர்தோறும் பதித்தார்கள். அள்ளியதை டார்கெட்டின் சொந்த சர்வர்களிலேயே சேர்த்து வைத்து, பிறகு வெளியே கடத்தினார்கள்.

எச்சரிக்கை மணி அடிக்காமலும் இல்லை. டார்கெட் பெரும் பணம் கொடுத்து ஃபயர்ஐ நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருளை வாங்கியிருந்தது. அதை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தது பெங்களூரில் இருந்த குழு. நவம்பர் 30 அன்று மென்பொருள் எச்சரித்தது. பெங்களூர்க்காரர்கள் அதைப் பிடித்து, மினியாபொலிஸ் தலைமையகத்துக்கு உடனே சொன்னார்கள். அங்கே யாரும் அசையவில்லை. டிசம்பர் 2-ஆம் தேதி தரவுகள் வெளியேறத் தொடங்கின. டிசம்பர் 12-இல் அமெரிக்க நீதித்துறை அதிகாரிகள் வந்து சொன்ன பிறகே நிர்வாகம் விழித்தது. தம் வேலையைச் சரியாகச் செய்த அந்த பெங்களூர் ஊழியர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2014-இல் தகவல்தொழில்நுட்பத் தலைவர் போனார். அடுத்து தலைமை நிர்வாகி கிரெக் ஸ்டெய்ன்ஹாஃபெல் போனார். 2017-இல் 47 மாநிலங்களோடும் தலைநகர் வாஷிங்டனோடும் 1.85 கோடி டாலருக்கு டார்கெட் சமரசம் செய்துகொண்டது. சமரசத்தின் நிபந்தனைகள் என்னென்ன? கார்டு விவரம் புழங்கும் பகுதியை மற்ற நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வை, யார் எங்கே நுழையலாம் என்பதைக் கட்டுப்படுத்து, பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பும் கேள். எல்லாமே டார்கெட் தன் வீட்டுக்குள் செய்யவேண்டிய வேலைகள்.

நம் நிறுவனங்களில் வெண்டர்களைத் தரம் பிரிப்பது பர்ச்சேஸ் பிரிவு. கோடிக்கணக்கில் பில் போடுபவருக்கு நீண்ட கேள்விப்பட்டியல் போகும். அவரும் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று டிக் போட்டு அனுப்புவார். மாதம் சில ஆயிரம் வாங்கும் சிசிடிவி பராமரிப்பாளரை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் திருடனுக்கு பில் தொகை முக்கியமில்லை. அந்த லாகினிலிருந்து எதுவரை போகலாம் என்பதுதான் அவன் கணக்கு. ஆகவே நாமும் அப்படித்தான் பட்டியல் போடவேண்டும். கணக்கு மென்பொருளைச் சரிசெய்ய வந்தவர் போட்டுவிட்டுப்போன எனிடெஸ்க் என்ற தொலைஇயக்க மென்பொருள் இன்னும் திறந்தே இருக்கிறதா? ஜிஎஸ்டி லாகினை ஆடிட்டர் அலுவலகத்தில் எத்தனை பேர் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறார்கள்? ஒப்பந்தம் முடிந்த வெண்டரின் கணக்கை மூடுவது யார் பொறுப்பு? பெரும்பாலான இடங்களில் அப்படி யாரும் இல்லை.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. 2024 ஜூலை இறுதியில் நம் நாட்டில் சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் முடங்கியது. கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும்தான் அதிகம். அவற்றுக்குத் தொழில்நுட்பம் வழங்கும் சி-எட்ஜ் நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளானதால், மற்ற வங்கிகளுக்குப் பரவாமல் இருக்க, யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ அதை யுபிஐ முதலிய சேவைகளிலிருந்து துண்டித்துவைத்தது. சி-எட்ஜ் ஒன்றும் பெட்டிக்கடை அல்ல; டிசிஎஸ்ஸும் ஸ்டேட் வங்கியும் சேர்ந்து தொடங்கியது. கிளவுட்செக் நிறுவனத்தின் ஆய்வு, தாக்குதலின் தொடக்கம் அதோடு தொடர்புடைய வேறொரு சேவை நிறுவனத்தின் சர்வரில், சரியாக அமைக்கப்படாத ஒரு மென்பொருளில் இருந்தது என்றது. கிராம வங்கி மேலாளர் அந்த நிறுவனத்தின் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வங்கியுடையதே என்பதை ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் எழுதிவைத்திருக்கிறது. துணை ஒப்பந்தக்காரர்களுக்கும் அது நீள்கிறது. வெண்டர் ஒரு தாக்குதலைக் கண்டுபிடித்தால், கண்டுபிடித்த ஆறு மணி நேரத்துக்குள் வங்கி ரிசர்வ் வங்கிக்குத் தெரிவித்தாக வேண்டும். அப்படியானால் வெண்டர் அந்த நேரம் முடியுமுன்பே வங்கியிடம் வாயைத் திறக்கவேண்டும்.

திறப்பாரா? ஒப்பந்தங்களில் நாம் எழுதிவைப்பதெல்லாம் அபராதம், ரத்து, கருப்புப் பட்டியல். சொன்னால் பிழைப்பு போய்விடும் என்ற பயத்தில் சின்ன நிறுவனம் இரண்டு நாள் மூடிமறைக்கத்தான் பார்க்கும். தானாக முன்வந்து சொன்னவருக்கு அபராதத்தில் விலக்கு உண்டு என்று ஒரு ஷரத்தைச் சேர்க்கலாம். நள்ளிரவில் யாரை அழைக்கவேண்டும் என்று ஒரு பெயரையும் எண்ணையும் தரலாம். இப்போதைக்குப் பல வெண்டர்களிடம் இருப்பது, பில்லைப் பாஸ் செய்யும் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனின் எண் மட்டும்தான். அதுவும் மாலை ஆறு மணிக்கு மேல் அடித்துக்கொண்டே இருக்கும்.

(தொடரும்)