மீட்டுப் பார்க்காத காப்புநகல்

ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, தகவல்களை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக வகுத்து, அவற்றைப் பொதுவான அடையாள எண்களால் இணைத்து வைப்பதே தொடர்புசார் தரவுத்தளமாகும். வங்கிக் கணக்குகளும் மருத்துவமனைப் பதிவுகளும் பெரும்பாலும் இம்முறையிலேயே காக்கப்படுகின்றன. தரவுத்தளத்தைப் பராமரிக்கும் நிர்வாகியின் தலையாய கடமை காப்புநகல், அதாவது பேக்கப், எடுப்பதோடு முடிவதில்லை; அந்நகலிலிருந்து தரவு உண்மையில் மீள்கிறதா என்று பார்ப்பதே அதனினும் முக்கியமானது.

மென்பொருள் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நேர்ந்ததை இங்கு நினைவுகூர்வது தகும். துணைச் சர்வரில் இருப்பதாக எண்ணிய பொறியாளர் ஒருவர், முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை அழிக்கத் தொடங்கி, தவறை உணர்ந்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி தரவு அழிந்துவிட்டது. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பப்பட்ட காப்புநகல்களைத் தேடியபோது அவை இல்லவே இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருளின் 9.6 பதிப்பில் இயங்க, நகலெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பினதாக இருந்தமையால் ஒவ்வொரு முறையும் பணி தோல்வியுற்றது. அதனைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேராமல் நிராகரிக்கப்பட்டன. சோதனைப் பணிக்கென ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகலே பெருமளவு தரவைக் காத்தது. நடந்ததனைத்தையும் அந்நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது பாராட்டுக்குரியது.

ஆகவே, காப்புநகலை மாதம் ஒருமுறையேனும் வேறொரு சர்வரில் மீட்டு, முக்கிய அட்டவணைகளின் நிரைகளை எண்ணிச் சரிபார்த்து, மீட்க எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் குறித்துவைத்தல் வேண்டும்.

காப்புநகலை நாடவைக்கும் அன்றாடத் தவறுகளுள் கொடியது, எந்த நிரைகள் என்று வரையறுக்கும் 'வேர்' (WHERE) பகுதியை விட்டுவிட்டு, நிரைகளை அழிக்கும் 'டெலிட்' கட்டளையை இயக்குவதாகும். அவ்வாறு செய்தால் அட்டவணை முழுவதும் காலியாகிவிடும். அதே 'வேர்' பகுதியை முதலில் 'செலக்ட்' கட்டளையோடு இயக்கி எண்ணிக்கையைப் பார்த்தபின், 'பிகின்' என்று பரிவர்த்தனையைத் தொடங்கி அழித்தால், 'கமிட்' கொடுக்கும்வரை 'ரோல்பேக்' மூலம் மாற்றத்தைத் திரும்பப் பெறலாம். ஆயினும், மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளில் அட்டவணையையே நீக்கும் 'டிராப்' கட்டளைக்கு இவ்வசதி இல்லை.

சிறு நிறுவனங்களில் தரவுத்தளத்தைப் பராமரிக்கும் பொறுப்பு நிரலாளர் ஒருவரின் தோளிலேயே விழுகிறது. மீட்புச் சோதனைக்கென அவருக்கு மாதந்தோறும் அரைநாளை ஒதுக்கித் தருவது நிறுவனத்தை நடத்துவோரின் கடமையாகும்.