54 என்பது பாதிச் செய்தி

தமிழ்நாட்டில் பேறுகால இறப்பு விகிதம் 58-இலிருந்து 54-ஆகக் குறைந்தது; கேரளத்தில் 19, மகாராஷ்டிரத்தில் 33, தெலங்கானாவில் 43, ஆந்திரத்தில் 45. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார்கள் இறக்கிறார்கள் என்று சொல்லும் இந்த எண்கள், இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2018–20 காலத்துக்கு வெளியிட்டவை; 58 மட்டும் 2017–19 காலத்துக்குரியது. இத்தகைய அறிக்கை வரும்போதெல்லாம் மாநிலங்கள் வரிசையில் நிறுத்தப்படுகின்றன. நான்கு புள்ளி குறைந்தது சாதனை என்று ஒரு தரப்பும், அண்டை மாநிலத்தைவிடப் பின்தங்கிவிட்டோம் என்று இன்னொரு தரப்பும் பேசுகின்றன. அறிக்கையின் அட்டவணையிலோ ஒவ்வொரு விகிதத்துக்கும் அருகில் இன்னொரு பத்தி இருக்கிறது: 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. கீழ் எல்லை ஒன்று, மேல் எல்லை ஒன்று. பொதுப் பேச்சுக்கு வரும்போது அந்தப் பத்தி மட்டும் உதிர்ந்துவிடுகிறது. அதைத் தவிர்த்துவிட்டு மிஞ்சும் ஒற்றை எண்ணை வைத்து அரசைப் புகழ்வதும் சரியல்ல, குறை சொல்வதும் சரியல்ல. ஏன் என்பதை அந்த எண் பிறக்கும் இடத்திலிருந்தே பார்க்கலாம்.

இந்த விகிதம் எல்லாப் பிரசவங்களையும் எண்ணிப் பெற்றதல்ல. மாதிரிப் பதிவு முறை என்ற ஏற்பாட்டின் கீழ் நாடு முழுவதும் சுமார் 8,800 கிராம, நகர்ப்புறத் தொகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் வாழ்வோர் ஏறத்தாழ 80 லட்சம் பேர். உள்ளூர்க் கணக்கெடுப்பாளர் ஒருவர் அங்கு நிகழும் பிறப்பு, இறப்புகளைத் தொடர்ந்து பதிவு செய்கிறார். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் வீடு வீடாகச் சென்று தனியாக இன்னொரு பட்டியல் எடுக்கிறார். இரண்டும் ஒப்பிடப்பட்டு, பொருந்தாதவை மீண்டும் களத்தில் சரிபார்க்கப்படுகின்றன. இவ்வளவு கவனமான ஏற்பாட்டுக்கும் ஒரு தடை உண்டு. பேறுகால இறப்பு, நல்லவேளையாக, அரிய நிகழ்வு. ஒரு மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்ட மாதிரிக்குள் ஓராண்டில் நிகழும் இறப்புகள் மிகச் சில என்பதால்தான் மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். 2017–19, 2018–20 என்ற இரண்டு காலங்களுக்கும் 2018, 2019 ஆகிய ஆண்டுகள் பொதுவானவை. ஆகவே 58-க்கும் 54-க்கும் இடையிலான வேறுபாடு முழுவதும், 2017 வெளியேறி 2020 உள்ளே வந்ததால் மட்டுமே உண்டானது. இதை மனத்தில் கொண்டாலே, "ஓராண்டில் நான்கு புள்ளி முன்னேற்றம்" என்று சொல்ல நாக்கு கொஞ்சம் தயங்கும்.

எவ்வளவு தயங்க வேண்டும் என்பதைக் கணக்குச் சொல்லும். மாதிரிக்குள் மூன்று ஆண்டுகளில் 25 பேறுகால இறப்புகள் பதிவாகி, அதிலிருந்து 54 என்ற விகிதம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 25 என்பது கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்ட எண், அறிக்கையில் உள்ளதல்ல. அரிய நிகழ்வுகளின் எண்ணிக்கை தற்செயலால் ஏறி இறங்கும் அளவு, அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியது. 25-இன் வர்க்கமூலம் 5. அதைப் போல் இரு மடங்கு, அதாவது 10, மேலும் கீழும் விட்டால் 15 முதல் 35 வரை வருகிறது. விகிதமாக மாற்றினால் ஏறத்தாழ 32 முதல் 76 வரை. மருத்துவமனைகளில் எந்த மாற்றமும் நிகழாமலேயே, வேறு தொகுதிகள் மாதிரியில் விழுந்திருந்தால் 45 என்றோ 65 என்றோ அறிக்கை வந்திருக்கக்கூடும். இந்த அகலத்துக்குள் நான்கு புள்ளி இருக்கும் இடமே தெரியாது. 43, 45, 54 என்று மூன்று மாநிலங்களை முதல், இரண்டாவது, மூன்றாவது என்று நிறுத்துவதும் இதே காரணத்தால் அவசரம்.

விகிதமானாலும் சராசரியானாலும் அடிப்படை ஒன்றே. தற்செயல் முறையில் தேர்ந்த 1,000 பேரில் 400 பேர் ஒரு கேள்விக்கு ஆம் என்றால் மதிப்பீடு 40 சதவீதம். 0.4-ஐயும் 0.6-ஐயும் பெருக்கி, 1,000-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் திட்டப் பிழை சுமார் 1.55 சதவீதப் புள்ளி. அதை 95 சதவீத இடைவெளிக்குரிய 1.96-ஆல் பெருக்கினால் 3. ஆகவே இடைவெளி 37 முதல் 43 வரை. குடும்பச் செலவு போன்ற சராசரிக்கு, மாதிரியின் திட்டவிலக்கத்தை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை கிடைக்கும். மீதி எல்லாம் அதே வழி. வகுப்பது வர்க்கமூலத்தால் என்பதால், இடைவெளியின் அகலத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு மக்களைச் சந்திக்க வேண்டும். 3 புள்ளியை ஒன்றரை ஆக்க 4,000 பேர் தேவை. துல்லியம் விலை உயர்ந்த பொருள். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது நிதி ஒதுக்குவோர் எடுக்கும் முடிவு.

இந்தச் சூத்திரத்தில் நாட்டின் மக்கள்தொகை எங்குமே வரவில்லை. 140 கோடிப் பேரை ஆயிரம் பேர் எப்படிப் பிரதிநிதித்துவம் செய்வார்கள் என்ற கேள்வி காலங்காலமாகக் கேட்கப்படுவது, இயல்பானதும்கூட. மாதிரி, மொத்த மக்கள்தொகையில் கணிசமான பங்காக இருந்தால்தான் மொத்த எண்ணிக்கை கணக்கில் நுழைகிறது. அப்போதும் அது இடைவெளியைக் குறுக்கவே செய்யும். 1,000 பேர் மாதிரி ஒரு மாவட்டத்துக்கும் ஒரு நாட்டுக்கும் ஏறத்தாழ ஒரே துல்லியம் தரும். இதை ஏற்பதற்கு ஒரே ஒரு நிபந்தனை: யார் மாதிரியில் வருவார்கள் என்பதை ஆய்வாளரின் விருப்பமோ, மக்களின் வசதியோ முடிவு செய்யக் கூடாது. முன்பே அறிந்த நிகழ்தகவுடன் தற்செயல்தான் முடிவு செய்ய வேண்டும். இத்தாலியில் கொராடோ ஜீனியும் லூய்ஜி கல்வானியும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களிலிருந்து ஒரு மாதிரியை ஒதுக்கி வைக்க 214 வட்டங்களில் 29-ஐத் தேர்ந்தார்கள். ஏழு அம்சங்களின் சராசரி நாட்டுச் சராசரியோடு ஒத்துப்போகும்படி பார்த்துப் பார்த்துத் தேர்ந்த வட்டங்கள் அவை. மற்ற அம்சங்களை ஒப்பிட்டபோது அந்த மாதிரி நாட்டைவிட்டு வெகுதூரம் விலகியிருந்தது. போலந்துக் கணிதவியலர் ஜெர்சி நெய்மன் 1934-இல் லண்டனில் ராயல் புள்ளியியல் கழகத்தில் படித்த கட்டுரை இந்த அனுபவத்தை எடுத்து ஆராய்ந்து, தற்செயல் தேர்வே பிழையை அளக்கும் உரிமையைத் தருகிறது என்று நிறுவியது. நம்பிக்கை இடைவெளியின் முழுக் கோட்பாட்டை அவர் 1937-இல் வெளியிட்டார்.

நெய்மன் கொடுத்த வாக்குறுதி என்ன என்பதில் படித்தவர்களும் இடறுகிறார்கள். "37-க்கும் 43-க்கும் இடையே உண்மை எண் இருக்க 95 சதவீத வாய்ப்பு" என்று அவர் சொல்லவில்லை. உண்மை எண் நமக்குத் தெரியாதே தவிர, அது அசையாமல் ஓரிடத்தில் இருக்கிறது. மாதிரிக்கு மாதிரி இடம் மாறுவது இடைவெளிதான். இதே முறையில் நூறு மாதிரிகள் எடுத்து நூறு இடைவெளிகள் கணக்கிட்டால், அவற்றில் ஏறத்தாழ 95 உண்மை எண்ணைத் தம்முள் கொண்டிருக்கும். கையில் உள்ளது அந்த 95-இல் ஒன்றா, தவறிய ஐந்தில் ஒன்றா என்று சொல்ல வழியில்லை. கட்டுரை படிக்கப்பட்ட நாளிலேயே ஆர்தர் பௌலி போன்ற மூத்த புள்ளியியலர் இதனால் நிறைவடையவில்லை. உண்மை எண் இந்த எல்லைகளுக்குள் இருக்கும் வாய்ப்பு என்ன என்பதுதானே நமக்குத் தேவை, அதை நோக்கி இது நம்மை இட்டுச் செல்கிறதா என்று பௌலி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் நெய்மனின் வாக்குறுதி சிறியதல்ல. அறிக்கைமேல் அறிக்கையாக ஆண்டுக்கணக்கில் வெளியிடும் அரசு அலுவலகம், தன் முறை எத்தனை முறைக்கு ஒருமுறை தவறும் என்பதை முன்கூட்டியே அறிவிப்பது பொறுப்பான செயல்.

இடைவெளி இவ்வளவு அகலம் என்றால் கணக்கெடுப்பே வீண் அல்லவா, மோசமான எண் வரும்போதெல்லாம் அதிகாரிகள் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள மாட்டார்களா என்று ஒரு மறுப்பு எழும். ஒளிய முடியாது, நீண்ட காலத் தொடர் அதற்கு இடம் கொடுக்காது. தமிழ்நாட்டின் விகிதம் 2001–03-இல் 134, 2007–09-இல் 97, 2014–16-இல் 66, பிறகு 54. இந்தக் காலங்கள் ஒன்றோடொன்று படிவதில்லை. சரிவு ஒரே திசையில் செல்கிறது. 134-க்கும் 54-க்கும் உள்ள தொலைவைத் தற்செயல் என்று சொல்ல எவராலும் முடியாது. இடைவெளி மறுப்பது ஓராண்டுச் சலசலப்பை. இருபதாண்டு உழைப்பை அது உறுதிப்படுத்துகிறது. எதிர்த் திசையில் நடக்கும் தவறையும் இங்கே சுட்ட வேண்டும். இரண்டு இடைவெளிகள் சற்றே ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் வேறுபாடே இல்லை என்று முடிவுகட்டுவோர் உண்டு. 1,000 பேரில் ஓரிடத்தில் 40 சதவீதம், இன்னோரிடத்தில் 45 சதவீதம் என்றால் இடைவெளிகள் 37–43, 42–48, விளிம்பில் படிகின்றன. வேறுபாட்டுக்கு என்றே தனியாக இடைவெளி கணக்கிட்டால் 0.7 முதல் 9.3 புள்ளி வரை வரும். சுழியம் அதற்குள் இல்லை; ஆகவே வேறுபாடு உண்டு என்று கொள்ளலாம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இடைவெளி அளப்பது தற்செயல் பிழையை மட்டுமே. ஆட்களைத் தவறவிட்டது, கேள்வியைத் தவறாகக் கேட்டது, பதில் சொல்ல மறுத்தவர்கள் வேறு மாதிரியானவர்களாக இருப்பது ஆகிய எதையும் அது பார்ப்பதில்லை. இது முற்றிலும் உண்மை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் ஒரு கோடி அட்டைகளை அனுப்பி, 23 லட்சத்துக்கும் மேல் பதில் பெற்று, ரூஸ்வெல்ட்டுக்கு 43 சதவீதமே ஆதரவு என்றது. அந்த எண்ணிக்கையைச் சூத்திரத்தில் இட்டால் இருபுறமும் விட வேண்டியது 0.1 புள்ளிக்கும் குறைவு. ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கு மேல் பெற்று 48 மாநிலங்களில் 46-இல் வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் பட்டியல்களில் இருந்து முகவரிகளை எடுத்ததும், விருப்பமுள்ளவர்கள் மட்டும் பதில் அனுப்பியதும் செய்த சேதத்தை எண்ணிக்கையின் பருமன் ஈடுகட்டவில்லை. நம் நாட்டிலும் இப்படி ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 1,000 ஆண்களுக்கு 1,020 பெண்கள் என்ற எண் வந்தபோது, இந்தியாவில் பெண்கள் ஆண்களை எண்ணிக்கையில் விஞ்சிவிட்டார்கள் என்று கொண்டாடப்பட்டது. அது முந்தைய இரவு அந்த வீடுகளில் தங்கியிருந்தோரின் கணக்கு. வேலைக்காக வெளியூரில் கூட்டாகத் தங்கும் ஆண்கள் அதில் எளிதில் விடுபடுவார்கள். அதே ஆய்வில், கடந்த ஐந்தாண்டுகளில் பிறந்த குழந்தைகளில் 1,000 ஆண்களுக்குப் பெண்கள் 929 தான். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சந்தித்த ஆய்வின் குறுகிய இடைவெளி இந்தப் புரிதல் பிழையைத் திருத்த முடியாது.

இதனால் இடைவெளியைக் கைவிடலாம் என்று ஆகாது. அதை, பிழையின் குறைந்தபட்ச அளவு என்று படிக்க வேண்டும் என்று ஆகிறது. உண்மையான தடுமாற்றம் அச்சிட்ட அகலத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். குறைவாக இருப்பது அரிது. வங்காளத்தில் சணல் பயிர்ப் பரப்பை மதிப்பிட்ட புள்ளியியலர் பி.சி. மகலனோபிஸ் இதை அறிந்தே ஒரு வழி கண்டார். ஒரே பகுதியில் தனித்தனியான துணை மாதிரிகளை வெவ்வேறு குழுக்களிடம் கொடுத்து அளக்கச் செய்தார். இரு குழுக்களின் விடைகள் விலகும் அளவில் தற்செயல் பிழையோடு அளப்பவர்களின் பிழையும் கலந்து வெளிப்படும். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிலும் இந்த முறை தொடர்ந்தது. மனிதப் பிழையையும் களத்திலேயே அளந்துவிட முயன்ற இந்தத் துணிவு இந்தியப் புள்ளியியலின் பெருமைகளில் ஒன்று என்பது என் கருத்து. அதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை.

இடைவெளியையும் சேர்த்து அச்சிட்டால் வாசகர்களுக்குக் குழப்பமாக இருக்கும் என்பது பத்திரிகைத் தரப்பில் சொல்லப்படக்கூடிய காரணம். அதை ஏற்க முடியவில்லை. புயல் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று வானிலை ஆய்வு மையம் சொல்லும்போது, எந்தத் தெருவில் என்று சொன்னால்தான் நம்புவேன் என்று கடலோர மக்கள் யாரும் கேட்பதில்லை. இடைப்பட்ட கிராமங்கள் எல்லாம் படகுகளைக் கரையேற்றுகின்றன. நிச்சயமின்மையோடு சேர்ந்து வரும் தகவலைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் நம் வாசகர்கள்.

இடைவெளியைப் பொருட்படுத்தாத இந்த அலட்சியம் மாவட்ட அளவில்தான் அதிகம் பாதிக்கிறது. 2019–21 குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டில் 25,650 பெண்களைச் சந்தித்தது; ஆய்வு கணக்கில் கொண்ட 32 மாவட்டங்களுக்குப் பிரித்தால் மாவட்டத்துக்குச் சராசரியாக 800 பேர். பெண்களில் பாதிப் பேருக்கு ரத்தசோகை என்ற அளவிலான மதிப்பீட்டுக்கு, எளிய சூத்திரப்படி இருபுறமும் 3.5 புள்ளி விட வேண்டும். இந்த ஆய்வில் வீடுகள் சிதறலாகத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. ஒரு கிராமம் தேர்வானால் அங்கேயே 22 வீடுகள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தண்ணீரைக் குடித்து, ஒரே சுகாதார நிலையத்துக்குச் சென்று, பல வகைகளில் ஒத்திருப்பதால் 22 வீடுகள் 22 வீட்டுத் தகவலைத் தருவதில்லை. அதனால் திட்டப் பிழையின் வர்க்கம் இரு மடங்கானால் 3.5 என்பது 5 ஆகிவிடும். குழந்தைகளைப் பற்றிய அளவீடுகளில் எண்ணிக்கை இன்னும் குறைந்து இடைவெளி இன்னும் விரியும். ஆய்வை நடத்துவோர் இதை மறைக்கவில்லை: 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துப் பெற்ற மதிப்பீடுகளை அடைப்புக்குறிக்குள் இடுகிறார்கள், 25-க்கும் குறைந்தால் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி. அந்த அடைப்புக்குறியை நீக்கிவிட்டு இரண்டு புள்ளி வேறுபாட்டில் ஒரு மாவட்டத்துக்குப் 12-ஆம் இடமும் இன்னொன்றுக்கு 17-ஆம் இடமும் கொடுத்து, அதன்மேல் விருதோ விளக்கம் கேட்கும் கடிதமோ அனுப்புவது அங்கு வேலை செய்யும் செவிலியர்களுக்குச் செய்யும் அநீதி. இரு முனைகளில் தெளிவாக விலகி நிற்கும் மாவட்டங்களை இந்த ஆய்வை வைத்தே அடையாளம் காணலாம். நடுவில் நெருங்கிக் கிடப்பவற்றை ஒரே குழுவாகவே வைத்திருந்து, அவற்றில் எதற்கு முதலில் பணம் என்பதை மருத்துவமனைப் பதிவுகளையும் கள விசாரணையையும் கொண்டு முடிவு செய்யலாம்.