வெயிலைக் கொண்டு குளிர்வித்தல்

கச்சான் காற்று வயல்வெளிகளைக் கடந்து அனலாக வீசும் ஜூன், ஜூலை மாதங்களில், இலங்கையின் கிழக்குக் கரையோரப் பகுதியில் மாவடிப்பள்ளி தொடக்கம் கல்முனை வரையிலான ஊர்களின் பள்ளிவாசல்களில் ஜும்ஆத் தொழுகைக்கெனத் திரளும் ஜனங்களின் புழுக்கத்தைத் தணிக்க மின்விசிறிகள் போதாமற் போகும் அந்த மத்தியான வேளையே, சூரியசக்தி மிகுதியாகக் கிடைக்கும் வேளையுமாகும். தேவையும் அதைத் தீர்க்கும் சக்தியும் ஒரே நேரத்தில் உச்சமடைவது அபூர்வம். வெயிலைக் கொண்டு கட்டடங்களைக் குளிர்விக்கும் முறையின் விசேஷம் இந்தப் பொருத்தத்திலேயே அடங்கியிருக்கிறது.

இது புதிய யோசனையன்று. 1878ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துச் சர்வதேசக் கண்காட்சியில், ஒகுஸ்தீன் மூஷோ என்ற பிரெஞ்சுக்காரர், வெயிலைக் குவித்துப் பெற்ற உஷ்ணத்தால் பனிக்கட்டி உண்டாக்கிக் காட்டினார். உஷ்ணத்திலிருந்து குளிர்ச்சி பிறப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால், திரவம் ஆவியாகும்போது சுற்றுப்புறத்து வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும் என்பதும், அந்த ஆவியை ஒரு கரைசல் உறிஞ்சிக்கொள்ள, சூரிய உஷ்ணம் அக்கரைசலைக் காய்ச்சி ஆவியை மீண்டும் பிரித்துக் கொடுத்தால் அக்காரியம் இடையறாது நடக்கும் என்பதுமே இதன் சூட்சுமம். குஜராத்தில் வடோதராவை அடுத்த கோரஜ் கிராமத்து முனி சேவா ஆசிரமம், வெயிலைக் குவிக்கும் 100 பெருங்கிண்ணங்களால் நீராவி உண்டாக்கித் தன் மருத்துவமனையைக் குளிர்வித்தது இவ்வழியிலேதான்.

எனினும், சோலார் பெனல்களின் விலை வீழ்ந்துவிட்ட இக்காலத்தில், வெயிலை மின்சாரமாக்கிச் சாதாரண ஏசியை ஓட்டுவதே சுலபமான மார்க்கமாயிற்று. ஒரு தொன் ஏசி ஏறத்தாழ 1 கிலோவாற்று மின்சாரம் கொள்ளும். சுமார் 8 சதுர மீற்றர் கூரையில் பொருத்திய 400 வாற்றுப் பெனல்கள் நான்கு, நல்ல வெயிலில் அதைத் தந்துவிடும்.

2016இல் அரசாங்கம் ஆரம்பித்த ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தின் பின் இலங்கையெங்கும் கூரைப் பெனல்கள் பெருகின. 2025 ஏப்ரலில், தொழிற்சாலைகள் மூடிக்கிடந்த புத்தாண்டு விடுமுறையின்போது, பகல் மின்சாரம் தேவைக்கு மிஞ்சி விநியோகத்தின் சமநிலை குலையுமென அஞ்சி, பிற்பகல் 3 மணிவரை அவற்றை நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை வேண்டிக்கொள்ள நேர்ந்தது. ஆகவே, நடுப்பகல் மின்சாரத்தை உற்பத்தியான இடத்திலேயே குளிர்ச்சியாக்கிச் செலவிடும் காரியாலயமும் பாடசாலையும் கடையும் தமக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் உபகாரம் செய்கின்றன. இரவுத் தூக்கத்துக்கே ஏசியை நாடும் வீடுகளுக்கு இந்தப் பொருத்தம் இல்லை. அவை பற்றரியையோ பொது மின்கம்பியையோ நம்பியிருக்க வேண்டியவையே. பெரிய கட்டடங்களோ, பகலில் நீரைக் குளிரவைத்துத் தொட்டியில் சேமித்து, மாலையில் உபயோகிக்கலாம்.

நம் கரையோரத்துக்குச் சில எச்சரிக்கைகள் அவசியம். உப்புக்காற்று பெனல்களைத் தாங்கும் இரும்புச் சட்டங்களை அரிக்கும். மாரிமழைக் காலத்து மேகமூட்டத்தில் உற்பத்தி குறையும், குளிர்ச்சியின் தேவையும் அப்போது குறைவுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, சீற் கூரையின் வெக்கையைத் தடுக்காமல் ஏசி பூட்டுவது வீண் செலவு. ஆகையால், பள்ளிவாசல் நிருவாகிகளும் பாடசாலை அதிபர்களும் கூரைக்கு வெள்ளை பூசி, கீழே வெப்பத்தடுப்பு விரித்து, மரநிழலும் தேடிக்கொண்ட பின்னரே, எத்தனை தொன் ஏசி, எத்தனை பெனல் என்று கணக்கிடத் தொடங்க வேண்டும்.