கூடு விட்டுக் கூடு பாயும் நண்டு!



மெக்கானிக்கல் படிக்கிறவன் நண்டைப் பற்றி என்ன எழுதிவிடப் போகிறான் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். போரிங், ஃபிட் எல்லாம் இதிலேயும் வருது!

எங்கள் ஊர் மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு சின்னக் கிராமம். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா கரையில் ஒதுங்கும் சங்கு, சிப்பிகளைப் பொறுக்கி, பொடிசுகளைச் சல்லடையில் சலித்து எடுத்து வியாபாரிக்குப் போடுவார். மாலை, கண்ணாடிச் சட்டம், பொம்மை என்று அவை எங்கெங்கோ போகும். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் முதல் வருஷ ஃபீஸில் ஒரு பங்கு அந்தச் சங்குக் காசுதான்.

சின்ன வயதில் ராத்திரி டார்ச் அடித்தால் மணலில் சங்கு நடக்கும். உள்ளே நண்டு! புத்தகத்தில் இதற்குத் 'துறவி நண்டு' என்று பெயர். பாவம், வழி தவறிக் கரைக்கு வந்துவிட்டது என்று பிடித்துக் கடலில் வீசுவோம். பெரிய புண்ணியம் செய்த மாதிரி நினைப்பு.

செய்தது பாவம் என்று பிறகுதான் தெரிந்தது. துறவி நண்டுகளில் பெரும்பாலானவை கடலுக்குள்ளேயே வாழ்பவை. ஆனால் 'சீனோபிட்டா' என்ற வகை நிலத்தில் வாழ்வது. கரையோரப் புதர், காய்ந்த இலைக் குப்பை, மரவேர் இடுக்கு, ஈர மணல், இவைதான் அதன் வீடு. அதற்கும் செவுள் உண்டு. அது எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். அதற்காகச் சங்குக்குள்ளேயே கொஞ்சம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு திரிகிறது. அந்த ஈரம் காய்ந்தால் மூச்சு முட்டும். வேடிக்கை என்னவென்றால், கடலில் ரொம்ப நேரம் மூழ்கிக் கிடந்தாலும் செத்துப் போகும்!

ஆனால் பிறப்பு மட்டும் கடலில்தான். தாய் நண்டு முட்டைகளை வயிற்றின் அடியில் ஒட்டவைத்துச் சங்குக்குள்ளேயே வாரக்கணக்கில் சுமக்கிறது. முட்டை முற்றியதும் அலை விளிம்புக்கு இறங்கி வருகிறது. கடல் நீர் பட்டதும் முட்டைகள் பொரிகின்றன. ஆயிரக்கணக்கான குஞ்சுகள்! பெரிய கண்ணும் முள்ளுமாக இறால் பொடி மாதிரி இருக்கும். இந்தப் பருவத்துக்கு 'ஜோயியா' என்று பெயர். அலை இழுத்த பக்கம் மிதந்து, நுண்ணுயிர்களைத் தின்று, சட்டையை உரித்து உரித்து வளர்கிறது. கரீபியன் பகுதி நண்டின் இந்த வளர்ச்சியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்து 1962ல் புரொவென்சானோ என்பவர் எழுதியிருக்கிறார். நாலைந்து ஜோயியாப் பருவம், பிறகு 'மெகலோப்பா' என்ற ஒரு பருவம். வழியில் மீன் வாய்க்குப் போவதுதான் பெரும்பாலும்.

தப்பிய மெகலோப்பாவின் நீளம் சில மில்லிமீட்டர். இதற்குத்தான் முதல் பரீட்சை. ஆழமில்லாத தண்ணீரில் அரிசி மணி அளவில் ஒரு காலிச் சங்கைத் தேடிப் பிடித்து நுழைய வேண்டும். நுழைந்த பிறகுதான் கரையேறும். சங்கில்லாமல் ஏறினால் வெயிலில் காய்ந்து போகும். ஏறியதும் ஈர மணலில் புதைந்து கடைசியாக ஒரு சட்டை உரித்துக் குட்டி நண்டாகிறது. அதற்குப் பிறகு கடலில் வாழ முடியாது.

நண்டு வளரும், சங்கு வளராது. அதனால் ஒவ்வொரு சைஸுக்கும் வேறு சங்கு தேட வேண்டும். நம்ம ஒர்க்‌ஷாப் பாஷையில், டைட் ஃபிட் ஆனால் வளர்ச்சி நிற்கும். லூஸ் ஃபிட் என்றால் சுமை. கோஸ்டாரிக்கா நாட்டு நிலத் துறவி நண்டுகளைப் பற்றி 2012ல் வெளியான ஆய்வு ஒன்றைப் படித்து அசந்து போனேன். அவை சங்கின் உட்சுவரையும் நடுத் தண்டையும் தேய்த்து எடுத்துவிடுகின்றன. நாம் லேத்தில் செய்யும் போரிங் வேலையேதான்! உள்ளே இடம் கூடுகிறது, எடை குறைகிறது. ஒரு நண்டு குடைந்த சங்கு அடுத்த நண்டுக்கு, அதற்கடுத்த நண்டுக்கு என்று கைமாறிக்கொண்டே போகிறது. பரம்பரை வீடு!

ஒரு நண்டு செத்தால் அதன் வாடைக்கே மற்றவை ஓடி வரும், சங்கு காலியாயிற்றே என்று. இந்தக் குணமே இப்போது அவற்றுக்கு எமன். இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளில் கரை ஒதுங்கிய பிளாஸ்டிக் பாட்டில், டப்பாக்களில் சிக்கிச் சாகும் நண்டுகள் சுமார் 5,08,000 என்று 2019ல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். உள்ளே இறங்கினால் வழவழப்பில் ஏற முடியாது. ஒன்று செத்ததும் அந்த வாடைக்கு அடுத்தது வருகிறது. ஒரே டப்பாவில் 526 நண்டுகள் இருந்தனவாம்!

இதைப் படித்த அன்று எனக்கு ஞாபகம் வந்தது பிளாஸ்டிக் இல்லை, அம்மாவின் சல்லடைதான். அதில் தங்கும் பொடிச் சங்கு ஒவ்வொன்றும் யாரோ ஒரு மெகலோப்பா தேடி வரும் வீடாச்சே! லீவில் ஊருக்குப் போனபோது தயங்கித் தயங்கிச் சொன்னேன். அம்மா சங்கைத் தரம் பிரித்தபடியே கேட்டார்கள்.

"பொடிசுக்கு வெலை கம்மிதான்டா. அத விட்டுறலாம். பெருச எப்புடி விடுறது? ஒனக்கு இன்னும் மூணு செமஸ்டர் கெடக்குல்ல?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் சல்லடை வீட்டுக் கூரையில் செருகியிருந்தது. சாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு இருவரும் கரைக்குப் போனோம்.