சோதிக்கப்பட்ட கடவுள்

பெண்ணையாற்றங்கரையில் உள்ளது திருக்கோவலூர் என்னும் பழம்பதி. 2019-ஆம் ஆண்டில் உருவான கள்ளக்குறிச்சி ஜில்லாவைச் சேர்ந்தது. வாமனனாய் வந்து உலகளந்த பெருமாள் கோயில் கொண்ட ஊர் இது. மெய்ப்பொருள் நாயனார் அரசு புரிந்ததும் இங்கேதான். பகைவன் திருநீறணிந்து அடியார் வேஷத்தில் வந்து, மறைத்து வைத்திருந்த ஆயுதத்தால் நாயனாரைக் குத்தினான். உயிர் பிரியும் தறுவாயிலும் நாயனார் அந்த வேஷத்தை வணங்கி, அவனைப் பத்திரமாக ஊரெல்லை கடத்திவிடச் செய்தார்.

அடியார் படும் சோதனைகளைப் பற்றி இத்தகைய கதைகள் நம் நாட்டில் அநேகம் உண்டு. அவற்றில் பெரும்பாலும் சோதிப்பவன் இறைவன்; சோதிக்கப்படுபவன் அடியவன். ஆனால் நம் கிறிஸ்தவ சகோதரர்களின் வேதத்தில் இந்த முறை தலைகீழாக இருக்கிறது. அங்கே இறைவனே சோதனைக்கு உட்படுகிறான்! இதன் பொருள் யாது என்று சற்றே ஆராய்வோம்.

யோர்தான் நதியில் ஸ்நானம் பெற்ற இயேசு வனாந்தரம் சென்று நாற்பது நாள் உபவாசம் இருந்தார். பசி மிகுந்த வேளையில் சாத்தான் வந்தான். கற்களை அப்பமாக்கிப் புசிக்கச் சொன்னான். தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதித்துக் காட்டச் சொன்னான். உயர்ந்த மலையொன்றில் நிறுத்தி உலக ராஜ்யங்களையெல்லாம் காட்டி, தன்னை வணங்கினால் அவ்வளவும் தருவதாக ஆசை காட்டினான். இயேசு மூன்றையும் மறுத்துவிட்டார்.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. தீமை கடவுளைச் சோதிக்க இயலாது என்கிறது யாக்கோபு எழுதிய நிருபம். இயேசு நம்மைப் போலவே சகல விதத்திலும் சோதிக்கப்பட்டார், எனினும் பாவமற்றவர் என்கிறது எபிரெயருக்கு எழுதிய நிருபம். அவர் கடவுளேயானால், வனாந்தரத்தில் நடந்தது வெறும் நாடகமன்றோ? மெய்யாகவே சோதிக்கப்பட்டாரெனில், அவர் கடவுளாவது எப்படி?

இக்கேள்வி திருச்சபையைப் பல நூற்றாண்டுகள் உலுக்கியது. 451-ல் கல்சிதோனில் கூடிய மகாசபை, கிறிஸ்து ஒருவரே முழு தெய்வமும் முழு மனிதரும் ஆவார் என்று தீர்மானித்தது. அவருக்குத் தெய்வ சித்தம் ஒன்றுதானா, மனித சித்தமும் உண்டா என்ற தர்க்கம் பிறகும் ஓயவில்லை. மனித சித்தமும் உண்டு என்று வாதாடிய மாக்சிமஸ் என்ற துறவி, சக்கரவர்த்தியின் கோபத்துக்கு ஆளாகி, நாடு கடத்தப்பட்டு 662-ல் மாண்டார். 681-ல் கான்ஸ்டான்டினோபிள் மகாசபை அவருடைய கொள்கையையே ஏற்றது. மனித மனமே இல்லாதவருக்குச் சோதனையும் இல்லை. சோதனையை அறியாதவர் நமக்குத் துணையாவதும் இல்லை. இதுவே அக்கொள்கையின் சாரம்.

“விழாதவருக்குச் சோதனையின் வலி எப்படித் தெரியும்?” என்று நேயர்கள் கேட்கலாம். ஏரிக்கரையை நினைத்துப் பாருங்கள். பாதி வெள்ளத்தில் உடைந்துபோகும் கரை பாதிப் பாரத்தைத்தான் அறியும். கடைசிவரை உடையாமல் நின்ற கரையே வெள்ளத்தின் முழுப் பாரத்தையும் தாங்கியது.

சாத்தான் காட்டிய மூன்றும் பார்வைக்குக் கெட்டவை அல்ல என்பதையும் கவனிக்கவேண்டும். பசித்தவனுக்கு உணவு, ஜனங்களின் நம்பிக்கை, நன்மை செய்வதற்கு வேண்டிய அதிகாரம். நல்லதைத் தகாத வழியில் அடையச் சொல்வதே சோதனை.

அப்பத்தின் சோதனை மிஷனரிகளையும் விடவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. மாகாணத்தின் வடபகுதியில், ஓங்கோலில் இருந்த அமெரிக்கப் பாப்டிஸ்ட் பாதிரி ஜான் கிளவ், பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் பொறுப்பை ஏற்று ஏழைகளுக்கு வேலை கொடுத்தார். ஞானஸ்நானம் கேட்டுப் பலர் வந்தனர். சோற்றுக்காக மதம் மாறினர் என்ற பேச்சு வேண்டாமென்று, நிவாரணம் நடந்த காலமெல்லாம் அவர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதன் பின்னரே, 1878 ஜூலை 3-ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர்.

ராஜ்யங்களின் சோதனைக்கு நம் ஜில்லாவின் மேற்குக் கோடியே சாட்சி. கல்வராயன் மலைக் குடிகள் தலைமுறை தலைமுறையாக மூன்று ஜாகீர்தார்களுக்குக் கூலியின்றி வெட்டி வேலை செய்தனர். 1976-ல்தான் சர்க்கார் அந்த ஜாகீர்களை ஏற்றது. கைக்கு வந்த அதிகாரத்தை மனிதன் தானாக விடுவது எத்தனை அரிது!

மீண்டும் திருக்கோவலூருக்கு வருவோம். அங்கே டேனிஷ் மிஷன் நடத்திய பெண்கள் பள்ளியில் பணிபுரிந்தவர் எஸ்தர் ஃபேரிங் அம்மையார். 1917-ல் அகமதாபாத் சென்று காந்தியடிகளைக் கண்டார். அவரைத் தந்தையாகவே பாவித்தார். மிஷன் அதிகாரிகளுக்கு இத்தொடர்பு பிடிக்கவில்லை. சம்பளமும் பாதுகாப்பும் தந்த ஸ்தாபனம் ஒருபுறம், மனச்சாட்சி மறுபுறம். 1919-ல் அம்மையார் மிஷனை விட்டு விலகினார். ஆனால் கிறிஸ்துவை விடவில்லை. காந்தியடிகள் அவருக்கு எழுதிய கடிதங்கள் 1956-ல் நூலாக வெளிவந்தன.

1941-ல் சென்னை மேயராயிருந்தவரும், தேசியவாதியும், தொழிலாளர் தலைவருமான ஸ்ரீ வெங்கல் சக்கரைச் செட்டியார், இயேசுவை அவதாரமாகக் கண்டு ஆங்கிலத்தில் நூல் எழுதிய கிறிஸ்தவர். இயேசு மனித வேஷம் தரித்தவர் அல்லர், மெய்யான மனிதர்; அந்த மனிதத் தன்மையும் வேலை முடிந்ததும் களைந்துவிடுவதன்று, என்றும் நிலைப்பது என்பது அவருடைய கொள்கை.

இக்கொள்கையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆயினும் பசியால் வாடுகிறவனும், அஞ்சி நிற்கிறவனும், பதவி ஆசையோடு போராடுகிறவனும் இரவிலே கைகூப்பும்போது, “இது எனக்கும் நேர்ந்தது” என்று சொல்லக்கூடிய கடவுள் ஒருவர் உண்டு என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் ஆறுதல் எத்தகையது என்பதை அயல் சமயத்தாரும் எளிதில் உணரலாம்.